பெரிசை முதலில இறக்கு

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெட்ரோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், எங்கள் வாயில் உவர்மலை, பொழுதுபட்டால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. டிவி இல்லை, காற்றாடி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மாமா வீட்டு விறாந்தையில் ஒரு அரிக்கன் லாம்பு, அதைச் சுற்றி நாலைந்து கதிரை, நடுவில் ஒரு முக்காலி. உள்துறைமுகப் பக்கமிருந்து காற்று எழும்பினால் சீட்டு பறக்கும் என்று இறக்கிய சீட்டுகளின் மேல் ஒரு கல்லு வைத்திருப்போம். அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் நான் ரம்மி பழகினேன்.

மாமா கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து பென்சன் எடுத்தவர். கையில் வந்த 13 சீட்டையும் கோப்பு அடுக்குவதுபோல் வகைவகையாக அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு அவர் சொல்லித்தந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். “தம்பி, பெரிசை முதலில இறக்கு. ராசா, ராணி எல்லாம் வீட்டில வச்சிருக்கிற சாமான் இல்ல.”

இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ரம்மி பழகிய எவருக்கும் முதல் நாளே யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். இவ்வளவு பேர் இவ்வளவு காலமாகச் சொல்லிவரும் ஒரு விதிக்குள் எவ்வளவு புத்தி இருக்கிறது, எவ்வளவு பழக்கதோஷம் இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த மின்வெட்டு மாதங்களில் எனக்கு அதற்கு வேண்டிய நேரம் கிடைத்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஆளுக்கு 13 சீட்டு. முறை வரும்போது மூடிய கட்டிலிருந்தோ, முன்னவர் இறக்கியதையோ ஒன்று எடுக்க வேண்டும்; கையிலிருந்து ஒன்றை முகம் தெரிய இறக்க வேண்டும். ஒரே வகையில் அடுத்தடுத்த எண்கள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் தொடர். ஒரே எண் வெவ்வேறு வகைகளில் சேர்ந்தால் கூட்டம். ஜோக்கர் கலக்காத தொடர் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். முதலில் முடித்தவர் கையை விரிப்பார். மற்றவர்கள் கையில் சேராமல் கிடப்பதெல்லாம் அவர்கள் கணக்கில் புள்ளியாக ஏறும். ஆசு, ராசா, ராணி, ஜாக் ஒவ்வொன்றும் 10. மற்றவற்றுக்கு முகத்தில் உள்ள எண். உச்சம் 80. புள்ளி குறைந்தவர்தான் கெட்டிக்காரர்.

மூடிய கட்டிலிருந்து எடுப்பது உங்கள் கையில் இல்லை. என்ன வருமோ வரும். இறக்குவது மட்டும்தான் முழுக்க முழுக்க உங்களுடைய முடிவு. ஆட்டம் முழுவதும் ஒரு ஆட்டக்காரர் வாய் திறந்து சொல்லும் பேச்சும் அதுதான். மற்றதெல்லாம் மடக்கிப் பிடித்த விசிறிக்குப் பின்னால் நடக்கிறது. எனவே ரம்மியைப் பற்றிப் பேசுவதென்றால் இறக்குவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மாமாவின் விதிக்கு முதலில் நியாயம் செய்துவிடுவோம். ராசா ஒன்று சேராமல் கையில் தங்கினால் 10 புள்ளி, மூன்று பெரிசு தங்கினால் 30. 3, 4, 5 ஆகியவை சேராமல் மூன்றும் தங்கினாலும் 12-தான். எதிராளி நாலாவது சுற்றிலேயே கையை விரித்துவிட்டால், ராசாக்களை நம்பி உட்கார்ந்திருந்தவன் பாடு பரிதாபம். வெல்வது நம் கையில் இல்லாத இரவுகளில் சின்னதாகத் தோற்க இந்த விதி உதவுகிறது. 101, 201 என்று எல்லை வைத்து, எல்லையைத் தாண்டியவர் வெளியே என்று ஆடும் ஆட்டத்தில் சின்னதாகத் தோற்பது பெரிய விஷயம். மாமா அடிக்கடி வெல்வதில்லை. ஆனால் கடைசிவரை கதிரையில் இருப்பார். நித்திரை வந்து நாங்கள் எழும்பும்போது கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவருடைய நிரல் எப்போதும் அடக்கமாக இருக்கும்.

அடக்கம் எதனால் வந்தது என்று கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

ஒரு வகையில் உள்ள 13 சீட்டின் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். 2 முதல் 10 வரை 54. ஆசு, ஜாக், ராணி, ராசா 40. மொத்தம் 94. அதாவது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எந்த 13 சீட்டுக்கும் சராசரி மதிப்பு 94 ஆகிறது. ஜோக்கர்களுக்குப் புள்ளி இல்லை என்று கழித்தாலும் 85 பக்கம் வந்து நிற்கும். ஜோக்கர் கலக்காத தொடர் கைக்கு வரும்வரை, சேர்ந்தது சேராதது எல்லாமே புள்ளிதான். உச்சமோ 80. அப்படியானால் 94 வைத்திருப்பவர் ஒரு ராசாவை இறக்கி 4 ஒன்றை எடுத்து 88 ஆக்கினால் அவருக்கு என்ன மிச்சம்? ஒரு புள்ளிகூட இல்லை. 94-உம் 88-உம் 80-தான். சுத்தமான தொடர் இல்லாத ஒரு சராசரிக் கையில், முதலாவது பெரிய சீட்டை இறக்குவதால் கணக்குத் தாளில் பெரும்பாலும் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. இரண்டு மூன்றை இறக்கி, வந்தவையும் சின்னதாக இருந்தால்தான் விதி வேலை செய்யத் தொடங்குகிறது. அதற்குள் ஆட்டம் பாதி போய்விடும்.

முதல் இரண்டு மூன்று முறை இறக்குவது வேறொரு காரியத்துக்காக இருக்க வேண்டும்: அந்தச் சுத்தமான தொடருக்கு வழி விடுவதற்காக. தொடருக்கு உதவாத எதுவும் போகலாம், சின்னதானாலும் பெரிதானாலும். தொடர் கைக்கு வந்த அடுத்த நொடியிலிருந்து மாமாவின் விதி தங்கம். அதற்கு முன் அது ஒரு பழக்கம் மட்டுமே. “முதலில” என்ற சொல்தான் அதில் பிழை; “பெரிசை இறக்கு” சரி. இதை மாமாவிடம் நான் சொன்னபோது, “நீ கணக்குப் பாடம் படிச்சனி, நான் ஆக்களைப் படிச்சனான்” என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு நம்பிக்கை இந்த விதிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய சீட்டுகள் ஓரத்தில் இருப்பவை, தொடரில் சேர்வது கடினம். நடுச் சீட்டுகள் எதனோடும் சேரும் என்பது அது. விரல் விட்டு எண்ணலாம். ஆசு இரண்டு பக்கமும் சேரும் என்ற முறையில் மூன்று சீட்டுத் தொடர்கள் ஒரு வகைக்கு 12 உண்டு. 7 என்ற சீட்டு அவற்றில் மூன்றில் வரும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ராணி? 10-ஜாக்-ராணி, ஜாக்-ராணி-ராசா, ராணி-ராசா-ஆசு. அதுவும் மூன்று. ஜாக்கும் மூன்று. ஆசு, ராசா, 2 ஆகிய மூன்றுக்கு மட்டும் இரண்டு. ஓரத்தில் இருப்பதன் தண்டனை ராசாவுக்குக் கொஞ்சம் உண்டு, ராணிக்கும் ஜாக்குக்கும் இல்லவே இல்லை. ஆனால் நம் மேசைகளில் 2 கையில் தங்கிவிடுகிறது, ராணி முதல் சுற்றிலேயே முற்றத்துக்குப் போய்விடுகிறாள். சேரும் வாய்ப்பைப் பார்த்து இறக்குவதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் புள்ளியைப் பார்த்துத்தான் இறக்குகிறோம்.

சேரும் வாய்ப்பை நேர்மையாக எண்ண விரும்புகிறவர் சீட்டைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது, சோடியாகப் பார்க்க வேண்டும். இரண்டு கட்டுச் சேர்த்து ஆடும்போது ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. ஆட்டின் (ஹார்ட்) 7, 8 கையில் இருந்தால் 6 இரண்டும் 9 இரண்டும், ஆக நான்கு சீட்டு நமக்கு உதவும். 7-உம் 9-உம் என்றால் நடுவில் உள்ள 8 மட்டும், இரண்டுதான். ஆட்டின் 7, ஆட்டின் 8, கூடவே இஸ்கோப்பன் 8 என்று முக்கோணமாக நின்றால் எட்டுச் சீட்டு உதவும். ராசா ராணி சோடிக்கு ஆசு இரண்டு, ஜாக் இரண்டு. 7-8 சோடிக்குச் சமம். அப்படியிருக்க 7-9 என்ற ஓட்டைச் சோடியைக் காப்பாற்ற ராசா ராணியை உடைத்து இறக்கும் ஆட்களை விறாந்தையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன், மாமா பாராட்டியும் இருக்கிறார்.

(இஸ்கோப்பன், கிளாவர் என்ற சொற்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து நம் வாயில் ஒட்டிக்கொண்டவை. திருகோணமலையைவிட்டு அவர்கள் 1795-இல் போனார்கள். கோட்டையையும் சீட்டின் பெயர்களையும் விட்டுப்போனார்கள். மாமாவுக்கு ‘ஸ்பேட்’ என்று சொன்னால் பிடிக்காது.)

இனி ஆட்களைப் படித்த கதை. இறக்குவதில் இரண்டாவது விதி ஒன்று உண்டு: ஆபத்தில்லாததை இறக்கு. யாருக்கு ஆபத்தில்லாதது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நான் இறக்கும் சீட்டை எடுக்கக்கூடியவர் மேசையில் ஒரே ஒருவர்தான், எனக்கு அடுத்த கை. அவர் தொடாவிட்டால் அது அடுத்த சீட்டின் கீழே புதைந்துவிடும். ஆறு பேர் இருந்தாலும் நான் பயப்பட வேண்டியது அந்த ஒருவருக்கு மட்டும். அவர் கிளாவர் 9 ஒன்றை எடுத்துக்கொண்டார் என்றால் கிளாவர் 7, 8, 10, ஜாக் நான்கும் மற்ற ஒன்பதுகளும் எனக்கு நெருப்பு. அவர் ஆட்டின் 5 இறக்கினார் என்றால் ஆட்டின் 4, 6 ஓரளவு குளிர்ந்துவிட்டன. ஆட்டின் 8 இரண்டுமே கல்லுக்குக் கீழே போய்விட்டன என்றால் 7-இன் மூன்று தொடர்களில் இரண்டு செத்துவிட்டன. இனி அதைத் துணிந்து இறக்கலாம்.

எனக்கு முந்தின கை வேறு ஆள். அவர் இறக்குவதைத்தான் நான் எடுக்க முடியும். ஆகவே என் சீட்டை உண்பவர் ஒருவர், என் பேச்சைக் கேட்டு எனக்கு உணவு தருபவர் இன்னொருவர். இந்த இரட்டை வேடத்தைப் புரிந்துகொண்டவர்கள்தான் தூண்டில் போடுவார்கள். கையில் ஆட்டின் ராணியும் டயமன் ராணியும் இருக்க, ஒரு இஸ்கோப்பன் ராணியும் வந்துவிட்டது என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு கூட்டம். ஆனால் தூண்டில்காரர் அதில் ஒன்றை இறக்கிவிடுவார், முந்தின கைக்காரர் “ஓ, ராணி அங்கே வேண்டாமாம்” என்று எண்ணித் தன்னிடம் உள்ள ராணிகளைத் தாராளமாக இறக்கட்டும் என்று. கேட்க அழகாக இருக்கிறது. என் அனுபவத்தில் இதுபோல் நட்டம் தரும் கெட்டித்தனம் வேறில்லை. சேர்ந்து முடிந்த கூட்டத்தை உடைத்து, முந்தினவர் பார்க்கிறாரா என்று நம்பி, அவரிடம் ராணி இருக்கிறதா என்று நம்பி, இடையில் அடுத்த கை இறக்கியதைத் தூக்கிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்றும் நம்ப வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது உண்பவரும் கேட்பவரும் ஒரே ஆள், அங்கே தூண்டிலுக்கு இடம் உண்டு. நாலைந்து பேர் மேசையில் அது வெறும் பவுசு. உபரியாக நிற்கும் சீட்டால், எப்படியும் போகவேண்டியதால் தூண்டில் போடுங்கள். சேர்ந்ததை உடைத்துப் போடாதீர்கள்.

நம் ஊரில் ரம்மிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முந்நூற்றிநாலில் கைபழகியவர்கள். 32 சீட்டு, நாலு பேர், இரண்டு சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் 304. அந்த ஆட்டத்தில் விழுந்த சீட்டை நினைவில் வைக்காதவன் கூட்டாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். துரும்பு எங்கே, ஜாக் போய்விட்டதா என்று 32-ஐயும் தலைக்குள் ஓட்டிப் பழகியவர்கள் ரம்மியிலும் இறக்கியவற்றை இலேசாக நினைவில் வைப்பார்கள். ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வரும். முந்நூற்றிநாலில் சீட்டுப் போடுவது எதிரே இருக்கும் கூட்டாளிக்குச் சைகை காட்டவும்தான். ரம்மியில் கூட்டாளி இல்லை. சைகை காட்டிப் பழகிய கை, ரம்மியிலும் தன்னை அறியாமல் காட்டிக்கொடுக்கும். மாமா தனக்குத் தேவையில்லாத சீட்டைக் கொஞ்சம் பலமாக வைப்பார். தேவைப்படும் வகையிலிருந்து மனமில்லாமல் இறக்கும்போது விரல் ஒரு கணம் சீட்டை விடாது. கச்சேரியில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் இதைக் கவனித்திருந்தால் லீவு எடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கவனித்தவர் மாமி. அடுக்களைக்குப் போய்வரச் சுகம் என்று கதவோரக் கதிரையில் இருப்பவர். அது மாமாவுக்கு அடுத்த கை. மாமா முதல் சுற்றில் ராசா இறக்குவார் என்பது அவருக்கு உலை கொதிக்கும் நேரம்போல் தெரியும். ஆகவே ராசாவோ ராணியோ ஒன்று வந்தாலும் மாமி வைத்துக்கொள்வார். மற்ற எல்லாரும் பெரிசை முதலில் இறக்கும் மேசையில், பெரிசைச் சேர்ப்பவருக்குப் போட்டியே இல்லை. தேவையானவை தானாகவே தேடி வரும், அதுவும் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குள். “நீங்க போட்டீங்க, நான் எடுத்தன்” என்பார். ஒரு விதியை எல்லாரும் கடைப்பிடிக்கும்போது அதை மீறுபவருக்கு அது சந்தையாகிவிடுகிறது. மாமாவின் விதியில் நான் காணும் பெரிய குறை இதுதான். புள்ளிக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம், சோடிக் கணக்கைப் பழகிக்கொள்ளலாம். எல்லாருக்கும் தெரிந்த பழக்கம் ஒன்று கையில் இருப்பது, சீட்டை முகம் தெரியப் பிடித்திருப்பதற்குச் சமம்.

ஆட்களைப் படித்தவர் என்று சொன்ன மாமாவை மாமி படித்துவிட்டார்.

இந்த விறாந்தை விவகாரம் இந்திய உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? செகந்திராபாதில் கிரசென்ட் பொழுதுபோக்கு மன்றம் என்று ஒன்று. 1963 மே மாதம் பொலிஸ் உள்ளே நுழைந்தபோது ஆட்கள் பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான அந்த வழக்கில் 1967 நவம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி இதாயத்துல்லா. மூன்று சீட்டு ஆட்டம்போல் ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, பெரும்பாலும் திறமை என்றார். திறமை எங்கே இருக்கிறது என்பதற்கு அவர் காட்டிய இடம்தான் நமக்கு முக்கியம்: விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதிலும், எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்பதிலும். சீட்டுப் பகிர்வதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜ் ஆட்டத்திலும் உள்ளதுதானே என்றும் கேட்டார். இந்தியாவில் ரம்மிக்குச் சட்டம் தந்த தஞ்சம் முழுவதும், இறக்கும் அந்த ஒரு செயலின் மேல் கட்டப்பட்டது.

இடத்தைச் சரியாகத்தான் காட்டினார். அளவைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. கட்டுக்கு ஒரு ஜோக்கர் என்று இரண்டு கட்டில் 106 சீட்டு. ஆறு பேருக்குப் பகிர்ந்தால் 78 போய்விடும். ஜோக்கராகத் திருப்பியது ஒன்று, திறந்து வைத்தது ஒன்று. மூடிய கட்டில் மிச்சம் 26. ஆளுக்கு நாலு முறை எடுத்தால் முடிந்தது. நாலு சுற்றில் அடுத்த கைக்காரர் இறக்கியதில் என்ன பெரிதாகப் படித்துவிட முடியும்? பகிர்ந்தபோதே தொடர் வந்தவர் அநேகமாக வெல்வார். இரண்டு பேர் ஆடினால் கட்டில் 78 நிற்கும். ஆட்டம் நீளும், நினைவு வேலை செய்யும், இறக்குவதில் பேச்சு உருவாகும். ஒரே ரம்மிதான், கதிரை கூடக்கூடத் திறமை மெலிகிறது. தீர்ப்பு இந்த வேறுபாட்டுக்குள் போகவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்றால், திறமை உள்ளவரும் இல்லாதவரும் இருக்கிறார்கள் என்று பொருள். கலண்டர் தாளில் புள்ளி எழுதும்வரை அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை. மாமி வெல்வார், மாமா தேத்தண்ணி கேட்பார். பணம் வைத்தால் கதை வேறு. சுண்டிவிட்ட நாணயம் இன்றைக்கு எடுத்ததை நாளைக்குத் தந்தாலும் தரும். இறக்கத் தெரியாதவனிடமிருந்து இறக்கத் தெரிந்தவனுக்குப் பணம் போகும் பாதை ஒருவழிப் பாதை. திறமையின் பங்கு கூடக்கூட அது இன்னும் உறுதியாக ஒருவழியாகும். திறமை என்பதால் தீங்கில்லை என்ற வாதத்தை நான் அதனால்தான் ஏற்கவில்லை. நம் நாட்டின் 1889-ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பழையதுதான், ஆனால் அது முதன்மையாகப் பார்த்தது பந்தயம் வைத்தார்களா, எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதை. அந்தப் பார்வையில் ஒரு மொட்டைப் புத்திசாலித்தனம் இருக்கிறது.

இதாயத்துல்லாவே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆட்டக்காரர்கள் வைக்கும் பணத்திலிருந்து மன்றமோ வீட்டுக்காரரோ இலாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பில் உண்டு. பின்னாளில் போனுக்குள் வந்த ரம்மிக் கம்பனிகள் தீர்ப்பின் முதல் பாதியை மனப்பாடம் செய்தன. அந்தக் கம்பனிகளின் வருமானமே ஒவ்வொரு மேசையிலும் எடுத்த பங்குதான்.

தமிழ்நாட்டில் இது இழுபட்ட கதையை நாங்கள் இங்கிருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். நாடகத்துக்கு நடுவே ரம்மி விளம்பரம், அடுத்த செய்தியில் ரம்மிக்குப் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர். அங்கே 2021-இல் வந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அதையொட்டி மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்ற பட்டியலை மட்டும் கழற்றிவிட்டது. 2025-இல் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை பண ரம்மி கூடாது என்ற விதியும் நீதிமன்றத்தில் நிலைத்தது. 2025 ஆகஸ்ட் 22-இல் இந்திய மத்திய அரசின் சட்டம் ஒப்புதல் பெற்றது: திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் கூடாது. ஏறத்தாழ 58 ஆண்டுகள் எதை இறக்குவது என்பதைப் பிடித்துத் தொங்கிய கேள்வியை, சட்டம் கையிலிருந்து இறக்கிவிட்டது.

இதற்கிடையில் தமிழ்நாடு அரசு சொன்ன ஒரு வாதம், நேரில் ஆடும் ரம்மியும் போனில் ஆடும் ரம்மியும் ஒன்றல்ல என்பது. நீதிமன்றம் அதில் திருப்தி அடையவில்லை. போதிய சான்று வைக்கப்பட்டதா என்பது வக்கீல்களின் விஷயம். ஆட்டக்காரனாக எனக்கு அந்த வாதத்தில் உயிர் இருப்பதாகவே படுகிறது. மின்சாரம் திரும்பி வந்த பிறகு நானும் போனில் ஆடிப்பார்த்தேன், காசில்லாத மேசையில். எனக்கு அடுத்த கை ஒரு வட்டத்துக்குள் ஒரு பொம்மை முகம். அது சீட்டைப் பலமாகவும் வைக்காது, மெதுவாகவும் வைக்காது. இரண்டு ஆட்டத்தில் ஆளே மாறிவிடும். நான் இதுவரை எண்ணிக் காட்டிய கணக்கெல்லாம் அங்கே செல்லும். 7-8 சோடிக்கு நாலு சீட்டு அங்கேயும் நாலுதான். மாமா சொன்ன பாதி, அந்த ஆட்களைப் படிக்கும் பாதி, அங்கே இல்லை. இதாயத்துல்லா நினைவையும் இறக்குவதையும் சொன்னபோது அவர் கண்முன் இருந்தது ஒரு மன்றத்து மேசையும் அதைச் சுற்றி மனிதரும். கண்ணாடித் திரையில் யோசிக்க சில நொடிகள், அது முடிந்தால் முறை போய்விடும். அந்த அவசரத்தில் கை போவது எங்கே? பழக்கத்துக்கு. பெரிசை முதலில் இறக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறது.

கடைசியாக, இறக்குவதிலேயே பெரிய இறக்கம் ஒன்றைப் பற்றி இரண்டு வரி. பகிர்ந்த உடனேயே கை சரியில்லை என்றால் 13-ஐயும் கவிழ்த்து வைத்துவிட்டு 20 புள்ளியோடு விலகலாம். தமிழ்நாட்டில் ‘ஸ்கூட்’ என்பார்கள். ஜோக்கரும் இல்லாமல், சோடியும் இல்லாமல் ராசாவும் ராணியும் சிதறிக் கிடக்கும் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெரிசாக இறக்கி 80-க்குக் கீழே வரப் பாடுபடுவதைவிட இது மலிவு. மாமா ஒருநாளும் விலகியதில்லை. “வந்த கையை ஆடித்தான் பார்க்கவேணும்” என்பார். 1983-இலும் 1990-இலும் 2006-இலும் கலவரமும் சண்டையும் வந்தபோதும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்த மனிதரிடம் அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடினோம். மின்வெட்டு இல்லை, பழக்கம் மட்டும். முதல் சுற்றிலேயே மாமா கிளாவர் ராசாவை இறக்கினார், பலமாக. மாமி எடுத்துக்கொண்டார். மாமா கொஞ்ச நேரம் மாமியின் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் முடிந்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மாமிக்கு அடுத்த பக்கத்தில் போட்டார். காற்று அந்தப் பக்கம் நல்லா வருகிறதாம்.

இப்போது அவருக்கு அடுத்த கை நான். அடுத்த பகிர்விலும் முதல் சீட்டாக அவர் கையிலிருந்து வந்தது ராசாதான். என்னிடம் ஏற்கெனவே ஒரு ராணியும் ஜாக்கும் அதே வகையில் இருந்தன.